அசாசேல்: ஆடா, மலையா, ஆளா? லேவியராகமம் 16-க்கு எந்த விளக்கத்தை எடுப்பது

வேதபாட வகுப்பு நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. லேவியராகமம் 16-இல் நம் பழைய தமிழ் வேதாகமம் "போக்காடு" என்கிறது. அதே இடத்தில் ஈ.எஸ்.வி. போன்ற ஆங்கில மொழிபெயர்ப்புகள் "அசாசேல்" என்று ஒரு பெயரைப் போடுகின்றன. யூத உரைகளைத் திறந்தால் அது ஒரு செங்குத்துப் பாறை. சில விளக்கவுரைகளின் அடிக்குறிப்பில் அது ஒரு பேய். ஒரே சொல்லுக்கு இத்தனை முகம் இருந்தால் வகுப்பில் எதைச் சொல்வது?

எனக்கு இதில் தெளிவான ஒரு முடிவு உண்டு. ஆனால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் அதற்கே உரிய இடமும் இருக்கிறது. முதலில் அதிகாரத்தையே ஒருமுறை பார்த்துவிடுவோம்.

ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவாரண நாள். சபையார் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவருகிறார்கள். ஆரோன் அவற்றின்மேல் சீட்டுப் போடுகிறான். ஒரு சீட்டு கர்த்தருக்கு, இன்னொன்று அசாசேலுக்கு. கர்த்தருக்கு விழுந்த கடா கொல்லப்பட்டு அதன் இரத்தம் திரைக்கு உள்ளே போகிறது. மற்றது உயிரோடு நிறுத்தப்படுகிறது. ஆரோன் தன் இரண்டு கைகளையும் அதன் தலையில் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதற்கென்று நியமித்த ஆள் கையில் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். கொண்டுபோய் விட்டவன் துணி தோய்த்து, குளித்த பிறகுதான் பாளயத்துக்குள் வரலாம். அசாசேல் என்ற பெயர் எபிரேய வேதம் முழுவதிலும் இந்த ஓர் அதிகாரத்தில் மட்டுமே வருகிறது: 8, 10, 26 ஆகிய மூன்று வசனங்களில், மொத்தம் நான்கு முறை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு வசனம் கிடையாது. சிக்கலே அங்கேதான்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வசனத்தின் அமைப்பு. "கர்த்தருக்கு ஒரு சீட்டு, அசாசேலுக்கு ஒரு சீட்டு" என்று இரண்டு பக்கமும் எபிரேயத்தில் ஒரே உருபுதான். அந்த இணைக்கு விளக்கம் பொருந்த வேண்டும். மற்ற மூன்றைவிடவும் இதற்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

இரண்டாவது, லேவியராகமம் என்ற புத்தகத்தின் மனப்போக்கு. அடுத்த அதிகாரத்திலேயே, 17:7-இல், ஆட்டு உருவப் பேய்களுக்கு இனிப் பலியிடக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. அப்படிச் சொல்லும் புத்தகம் ஒரு பேய்க்கு ஆடு அனுப்பச் சொல்லுமா?

மூன்றாவது, பழைய சாட்சிகளும் எழுத்துக்கூட்டலும்.

நான்காவதை யாரும் கேட்பதில்லை: இந்த விளக்கத்தைச் சொன்னால் கேட்பவர் எதை இழக்கிறார், எந்தத் தப்பான எண்ணத்தோடு வீட்டுக்குப் போகிறார்? மறைவான விலை என்று நான் சொல்வது இதைத்தான்.

யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை ஒரு பார்வையில் பார்க்க:

| விளக்கம் | எடுத்தவர்கள் |
|---|---|
| அனுப்பிவிடப்படும் ஆடு | வுல்காத்தா (லத்தீன் வேதாகமம்), டிண்டேல் (1530), கிங் ஜேம்ஸ் (1611), என்.ஐ.வி., தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு |
| பாறை அல்லது மலை | தல்மூத் என்ற யூதப் போதனைத் தொகுப்பு (யோமா 67ஆ), யூத உரையாசிரியர்கள் சாதியா, ராஷி |
| ஓர் ஆவி அல்லது பேயின் பெயர் | ஏனோக்கு நூல் (பழைய யூத நூல்), சபைப் பிதா ஓரிகன், யூத உரையாசிரியர் ரம்பான், நம் காலத்தில் வேத அறிஞர் ஜேக்கப் மில்கிரோம் (1991) |
| "முற்றிலும் அகற்றுதல்" | ஜெர்மன் அறிஞர் ஜெசெனியஸ் வழிவந்த எபிரேய அகராதிகள் |

## அனுப்பிவிடப்படும் ஆடு

எபிரேயத்தில் "ஏஸ்" என்றால் ஆடு, "அசல்" என்றால் போய்விடு. இரண்டையும் சேர்த்தால் போகிற ஆடு. வில்லியம் டிண்டேல் 1530-இல் ஐந்தாகமத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது இப்படிப் பிரித்துத்தான் "ஸ்கேப்கோட்" (scapegoat) என்ற ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினார். "போக்காடு" அதே பொருளை அழகாகத் தமிழில் சொல்கிறது.

இதன் பலம், சடங்கின் நடையோடு ஒட்டிப்போவது. ஆடு போகிறது, பாவம் அதோடு போகிறது. குழந்தைக்கும் புரியும். இன்னொரு பலமும் உண்டு. 5-ஆம் வசனம் இரண்டு கடாக்களையும் சேர்த்தே "பாவநிவாரணபலி" என்கிறது. ஆகவே இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி: ஒன்று இரத்தத்தால் சுத்திகரிக்கிறது, மற்றது சுமந்துகொண்டு போகிறது. லேவியராகமம் 14-இல் குஷ்டரோகியின் சுத்திகரிப்புக்கு இரண்டு குருவிகள் வருகின்றனவே, ஒன்று கொல்லப்பட மற்றது வெளியில் விடப்படுகிறதே, அதே அமைப்புதான் இது.

முதல் கேள்வியில்தான் இது தடுமாறுகிறது. கர்த்தருக்கு ஒரு சீட்டு, போகிற ஆட்டுக்கு ஒரு சீட்டு என்றால், ஒரு பக்கம் பெற்றுக்கொள்பவரின் பெயர், மறுபக்கம் ஆட்டின் பெயர். இணை உடைந்துவிடுகிறது. 26-ஆம் வசனத்தில் நிலைமை இன்னும் மோசம்: "ஆட்டைப் போகிற ஆட்டுக்கு அனுப்பினவன்" என்றாகும். கிரேக்க செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பாளரே இந்தச் சங்கடத்தை உணர்ந்திருக்க வேண்டும். அவர் 8-ஆம் வசனத்தில் ஒரு சொல்லும் 26-ஆம் வசனத்தில் வேறொரு சொல்லும் போட்டு நகர்ந்துவிடுகிறார்.

மறைவான விலை இரண்டு. ஒன்று, நாளிதழ்த் தமிழில் "பலிகடா" என்று எழுதுகிறோமே, பிறர் குற்றத்தைச் சுமக்கவைக்கப்பட்டவனை. வகுப்பில் போக்காடு என்றதும் பலர் அதைத்தான் நினைக்கிறார்கள். இந்த அதிகாரத்தில் பலியான கடா மற்றது. போக்காடு உயிரோடு போனது. இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டு ஆடுகளும் கேட்பவர் மனதில் ஒன்றாகக் குழம்பிவிடும்.

இரண்டாவது விலை பிரசங்க மேடையில். இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்னும் எபிரெயர் 13-ஐப் போக்காட்டோடு இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எபிரெயர் 13:11-ஐ நிதானமாக வாசியுங்கள். அங்கே சொல்லப்படுவது, இரத்தம் உள்ளே கொண்டுபோகப்பட்ட மிருகங்களின் உடல்கள் பாளயத்துக்கு வெளியே சுட்டெரிக்கப்படுவது. அதாவது கர்த்தருக்கு விழுந்த கடா, லேவியராகமம் 16:27. போக்காட்டைப் புதிய ஏற்பாடு எங்கேயும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. போக்காட்டைக் கிறிஸ்துவின் நிழலாகப் பார்ப்பது பழைய வழக்கம்தான். ஆதிச் சபைக் காலத்துப் பர்னபா நிருபம் ஏழாம் அதிகாரத்தில் அப்படிச் செய்கிறது. செய்யலாம். ஆனால் அதற்கு எபிரெயர் 13-ஐ ஆதாரமாக நிறுத்தக் கூடாது.

## செங்குத்துப் பாறை

தல்மூத் யோமா 67ஆ, அசாசேல் என்பதைக் கடினமான, வலிய இடம் என்று பிரிக்கிறது. ராஷியும் அதையே எடுத்துக்கொண்டார். சாதியா அதை ஒரு மலையின் பெயராகக் கண்டார்.

இந்த விளக்கத்துக்கு உயிர் கொடுப்பது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. யோமா என்ற பகுதியில் இரண்டாம் தேவாலயக் காலத்துச் சடங்கு அப்படியே கண்முன் வருகிறது. இரண்டு கடாக்களும் நிறத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒத்திருக்க வேண்டும், ஒன்றாக வாங்கப்பட வேண்டும். சீட்டுகள் முதலில் மரத்தில் இருந்தன, பென் கம்லா என்ற பிரதான ஆசாரியர் பொன்னில் செய்து வைத்தார். அனுப்பப்படும் ஆட்டின் தலையில் சிவப்புக் கம்பளி நூல் கட்டப்பட்டது. எருசலேமிலிருந்து பாறை வரைக்கும் 90 ரிஸ் தூரம், அதாவது 12 மில். ஒரு மில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வழியில் பத்துக் குடிசைகள். ஒவ்வொன்றிலும் ஆட்டைக் கொண்டுபோகிறவனுக்கு "இதோ சாப்பாடு, இதோ தண்ணீர்" என்று நீட்டுவார்கள். பாறையின் முனையில் அவன் ஆட்டைப் பின்புறமாகத் தள்ளுவான். மலையின் பாதி உயரம் இறங்கும் முன்பே அது துண்டு துண்டாகிவிடும் என்கிறது மிஷ்னா. ஆடு வனாந்தரத்தை எட்டியது எப்படித் தெரியும்? வழிநெடுக உயரமான இடங்களில் நின்றவர்கள் துணியை அசைத்துச் சேதி அனுப்பினார்கள். யூதேயா வனாந்தரத்தின் ஜெபல் முந்தார் மலைதான் அந்த இடம் என்று பலர் கருதுகிறார்கள்.

இத்தனை நுணுக்கமான சாட்சி மற்ற எந்த விளக்கத்துக்கும் இல்லை. இரண்டாவது கேள்விக்கும் இது நல்ல பதில். பேய் என்ற பேச்சே எழாது.

ஆனாலும் சாட்சி சொல்வது எந்தக் காலத்தைப் பற்றி என்று கேட்க வேண்டும். லேவியராகமத்தில் பாளயம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எருசலேமுக்குக் கிழக்கே இருக்கும் ஒரு பாறை அங்கே எப்படி வரும்? தவிர, லேவியராகமம் ஆட்டைத் தள்ளிக் கொல்லச் சொல்லவில்லை. குடியில்லாத இடத்தில் விட்டுவிடத்தான் சொல்கிறது. இணை என்ற சோதனையிலும் இது பாதிதான் தேறுகிறது. 10-ஆம் வசனத்தில் "அசாசேலுக்கு, வனாந்தரத்துக்கு" என்று இடமாகப் படிக்கலாம், இடைஞ்சல் இல்லை. 8-ஆம் வசனத்தில் கர்த்தருக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாறையை நிறுத்துவது ஒட்டவில்லை.

இதன் விலை வேறு மாதிரி. அசாசேலை இடமாக்கிவிட்டால் கேள்வி பூகோளத்தோடு முடிந்துவிடும். ஆரோன் ஏன் சீட்டுப் போட வேண்டும், எந்த ஆடு யாருக்கு என்பதைத் தேவனே ஏன் தெரிந்தெடுக்க வேண்டும் என்று யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

## ஓர் ஆளின் பெயர்

வசனத்தை அதன் போக்கில் வாசித்தால் இங்கேதான் வந்து சேர்கிறோம் என்பது என் முடிவு. கர்த்தர் என்பது பெயர். அதற்கு இணையாக நிற்பதும் பெயர்தான். ஆட்டை அசாசேலிடம் அனுப்புகிறார்கள், அவன் இருக்கும் இடம் வனாந்தரம். நான்கு இடங்களிலும் வாக்கியம் சிக்கலின்றி ஓடுகிறது.

எழுத்துக்கூட்டலும் துணை நிற்கிறது. இன்றைய எபிரேய மூலத்தில் எழுத்துகளின் வரிசை அயின், சாயின், அலெஃப், சாயின், லாமேத். சாக்கடல் சுருள்களில் ஒன்றான ஆலயச் சுருளில் நடு எழுத்துகள் இடம் மாறி "அசஸ்ஏல்" என்று இருக்கிறது. சிரியாக் மொழி வேதாகமமான பெஷித்தாவும் அப்படித்தான். "ஏல்" என்பது தெய்வத்தைக் குறிக்கும் சொல், "அசஸ்" வலிமை. வலிய தெய்வம், உக்கிர தெய்வம் என்ற பொருள் வெளிப்படையாகவே தெரிகிறது. அதை மறைக்கத்தான் பிற்காலத்து எழுத்தர் எழுத்தை மாற்றினார் என்று சிலர் சொல்வார்கள். இது ஊகம், ஆனால் ஆதாரமற்ற ஊகம் அல்ல. யோனத்தானின் மகன் மெரிபாலை மேவிபோசேத் ஆக்கி, பாகால் என்ற பெயர் வாயில் வராமல் செய்ததும் எழுத்தர்கள்தானே.

யூத உரையாசிரியர்களிலேயே இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இபின் எஸ்ரா நேராகச் சொல்லாமல் ஒரு விடுகதை போட்டார்: நீ முப்பத்து மூன்றை எட்டும்போது இந்த இரகசியம் உனக்குத் தெரியும். வயதைச் சொல்கிறார் என்று தோன்றும். 16:8-இலிருந்து 33 வசனங்கள் எண்ணிப் பாருங்கள். 17:7-க்கு வந்து நிற்பீர்கள், அந்த ஆட்டு உருவப் பேய்களின் வசனத்துக்கு. அடுத்த நூற்றாண்டில் ரம்பான், நண்பர் மறைத்ததை நான் சொல்லிவிடுகிறேன் என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர் கொடுக்கும் விளக்கம் இன்றைக்கும் உதவும்: ஓர் அரசனுக்கு ஒருவன் விருந்து வைக்கிறான். அரசன், "என் வேலைக்காரனுக்கும் ஒரு பங்கு கொடு" என்கிறான். விருந்து வைத்தவன் வேலைக்காரனைக் கனப்படுத்தவில்லை, அரசனின் சொல்லைத்தான் கேட்டான்.

அப்படியானால் இரண்டாவது கேள்வி? பேய்க்குப் பலி ஆகாதா? ஆகாது என்பதற்குக் காரணம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அசாசேலுக்குப் போகும் ஆடு அறுக்கப்படவில்லை. இரத்தம் இல்லை, கொழுப்பு இல்லை, பலிபீடம் இல்லை. இரண்டு ஆடுகளும் முதலில் கர்த்தருடைய சந்நிதியில் நிறுத்தப்படுகின்றன. அசாசேலுக்குக் கிடைப்பது ஓர் இனத்தின் அசுத்தம். பக்கத்து நாட்டுச் சடங்குகளோடு வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஏத்தியரின் அஷெல்லா சடங்கில், படையில் கொள்ளைநோய் வந்தால் ஆட்டுக்கடாக்களுக்கு வண்ணக் கம்பளி கட்டி எதிரி நாட்டுப் பக்கம் விரட்டுவார்கள். நோயை அனுப்பிய தெய்வம் அதனால் சாந்தமாக வேண்டும் என்ற மன்றாட்டும் கூடவே உண்டு. லேவியராகமத்தில் மன்றாட்டு இல்லை, அசாசேலைச் சாந்தப்படுத்தும் ஒரு சொல்கூட இல்லை. அவன் பேசவும் இல்லை, ஒன்றும் செய்யவும் இல்லை. மில்கிரோம் தன் விளக்கவுரையில் வற்புறுத்துவதும் ஏறக்குறைய இதுதான்: பழைய பேயின் பெயர் மிஞ்சியிருக்கிறது, அதன் வல்லமை போய்விட்டது.

இந்த விளக்கத்தின் விலைதான் எல்லாவற்றிலும் பெரியது. அசாசேல் ஓர் ஆள் என்று சொன்ன அடுத்த நிமிடம் கேட்பவர் கேட்பார்: அவன் கதை என்ன? உடனே கை ஏனோக்கு நூலுக்குப் போகும். அங்கே அசாசேல் மனிதருக்கு வாளும் கேடயமும் செய்யவும், கண்ணுக்கு மையிடவும் கற்றுக்கொடுத்த வீழ்ந்த தூதன். ரபேல் அவன் கைகால்களைக் கட்டி, துதாயேல் என்ற வனாந்தரத்தில் தள்ளி, கூரிய கற்களால் மூடுகிறான். எல்லாப் பாவத்தையும் அவன் கணக்கில் எழுது என்ற கட்டளையும் பிறக்கிறது. அருமையான நூல்தான். யூதாவின் நிருபமே அதை எடுத்தாள்கிறது. ஆனால் அதன் இந்தப் பகுதியின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது. லேவியராகமத்தை வாசித்த யாரோ அந்தப் பெயருக்கு ஒரு கதை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் திருப்பிக் கொண்டுவந்து லேவியராகமத்துக்குள் ஊற்றினால், பாவத்தைப் பற்றிய அதிகாரம் பேயைப் பற்றிய அதிகாரமாகிவிடும். பேயோட்டும் கூட்டங்கள் மலிந்த இந்தக் காலத்தில் அசாசேலின் பெயரைச் சொல்லிக் கட்டிவைக்க ஒருவர் கிளம்பினாலும் ஆச்சரியமில்லை. அவனைக் கண்டு பயப்பட இந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதை அழுத்திச் சொல்லாமல் இந்த விளக்கத்தை எடுக்கவே வேண்டாம்.

## முற்றிலும் அகற்றுதல்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசாசேல் பெயரே அல்ல, "அகற்றுதல்" என்ற கருத்துச் சொல் என்பது ஜெசெனியஸ் காலத்து இலக்கண அறிஞர்களின் யோசனை. பேயும் வேண்டாம், ஆடும் வேண்டாம் என்பவர்களுக்கு வசதி. சீட்டில் ஒரு கருத்தை எழுதி கர்த்தருக்கு எதிரே வைப்பது முதல் கேள்வியிலேயே தோற்கிறது. அடிக்குறிப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

## எந்த இடத்தில் எதை எடுப்பது

ஞாயிறு பள்ளியில் போக்காடு போதும். பிள்ளைகளுக்கு அந்தப் படமே முழுப் பாடம்: ஆடு கண்ணுக்கு மறைகிற வரைக்கும் போகிறது, திரும்பி வரவில்லை. அசாசேல் என்ற பெயரை அங்கே எடுக்கவே தேவையில்லை.

சபையில் வாசிக்கும்போதும் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறபடியே வாசியுங்கள். பிரசங்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: மூலத்தில் இங்கே அசாசேல் என்று ஒரு பெயர் இருக்கிறது, அதன் பொருளைப் பற்றிப் பழங்காலம் முதல் பல கருத்துகள் உண்டு என்று. வேறு மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டு வருகிறவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கமாட்டார்கள்.

இயேசுவின் காலத்துத் தேவாலயத்தையும் பண்டிகைகளையும் பற்றிய வகுப்பு என்றால் பாறைதான் சரி. அன்றைக்கு எருசலேமில் இருந்தவர்கள் கண்டது அந்தச் சடங்கைத்தான். மிஷ்னா யோமாவின் ஆறாம் அதிகாரத்தை அப்படியே வாசித்துக்காட்டலாம், வேறு தயாரிப்பு வேண்டாம்.

பெரியவர்களுக்கான ஆழமான வேதபாடத்தில், வசனம் வசனமாகப் போகும்போது, ஆளின் பெயர் என்பதை எடுங்கள். 17:7-ஐயும் சேர்த்தே எடுங்கள். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஏனோக்கைக் கேட்டால், அது பின்னால் வந்தது என்று காலத்தைச் சொல்லி வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். இஸ்லாமிய நண்பர்களோடு பேசுகிறவர்களுக்கும் இந்தத் தெளிவு தேவைப்படும். இப்லீஸ் (சாத்தான்) வீழும் முன் அவனுக்கு இருந்த பெயர் அஸாஸீல் என்று இஸ்லாமிய மரபில் ஒரு செய்தி உண்டு. பெயர் அதுதான், கதை வேறு.

கடைசியாக, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரோடு உரையாடுகிறவர்கள். கர்த்தருக்கு விழுந்த ஆடு கிறிஸ்துவைக் குறிப்பதுபோல அசாசேலுக்கு விழுந்தது சாத்தானைக் குறிக்கிறது, பாவத்துக்குக் காரணமானவன் என்ற பொறுப்பு கடைசியில் அவன்மேல் வைக்கப்படும் என்பது அவர்கள் போதனை. சாத்தான் நம் பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறான் என்று அவர்கள் சொல்வதில்லை. அப்படிக் குற்றம் சாட்டுவது நியாயமல்ல. ஆள் என்ற விளக்கத்தை ஏற்பதால் நாம் அவர்கள் முடிவையும் ஏற்க வேண்டும் என்றில்லை. ஆடு அசாசேலுக்கு அனுப்பப்படுகிறது, ஆடே அசாசேல் அல்ல என்று பதில் சொல்லலாம். ஆனால் 10-ஆம் வசனம் உயிரோடிருக்கும் அந்த ஆட்டைக்கொண்டும் பாவநிவிர்த்தி உண்டாவதாகச் சொல்கிறது. அது அவர்களுக்கும் கடினமான வசனம், மற்ற எல்லாருக்கும் கடினமான வசனம். பேச்சைத் தொடங்கும் முன் இருதரப்பும் அதைச் சேர்ந்து வாசிப்பது நல்லது.